வெள்ளைப் புலியும் நான்கு விடைகளும்: நாவல் வகுப்பில் மின்னணு வினாடி வினா

இந்தியக் கல்லூரிகளில் நாவல் ஒன்று பாடமாக வைக்கப்படும்போது அது இருவகைத் தேர்வுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. ஒருபுறம் பருவத் தேர்வின் நெடுவினா நிற்கிறது. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களை மனப்பாடம் செய்தே அதற்கு நான்கைந்து பக்கம் எழுதிவிட முடியும் என்பதால், நாவலைத் திறந்தே பாராதவர்களும் அதில் தேறிவிடுகிறார்கள். மறுபுறம் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு போன்றவை நிற்கின்றன. 2012 ஜூன் முதல் அத்தேர்வின் எல்லாத் தாள்களும் கொள்குறி வினாக்களாக, அதாவது நான்கு விடைகளைக் கொடுத்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களாக, மாறிவிட்டதால், அங்கே நாவல் என்பது ஆசிரியர் பெயர், வெளிவந்த ஆண்டு, கதைமாந்தர் பட்டியல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்தச் சூழலில்தான் மின்னணு வினாடி வினா இலக்கிய வகுப்புக்குள் நுழைந்திருக்கிறது. கொள்குறி வினாவின் வாரிசாகவே அது வந்தது என்பதால், நாவலை மேலும் சுருக்கிவிடும் என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அக்கருவியைக் கையாளும் முறையை மாற்றினால், நெடுவினாவும் நெட் தேர்வும் செய்யத் தவறிய ஒன்றை, மாணவரை மறுபடியும் நூலின் பக்கங்களுக்கே அனுப்புவதை, அதனால் செய்ய முடியும்.

ஊடாட்ட மின்னணு வினாடி வினா என்பது, ஆசிரியர் திரையில் காட்டும் வினாவுக்கு மாணவர்கள் தத்தம் கைப்பேசியிலோ கணினியிலோ விடையளிக்க, வகுப்பு முழுவதும் எப்படி விடையளித்தது என்பது அந்த நொடியே வரைபடமாகத் திரையில் தெரியும் ஏற்பாடாகும். நார்வேயில் உருவாகி 2013-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கஹூட், 2015-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு அண்மையில் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட குவிசிஸ், சுவீடனைச் சேர்ந்த மென்டிமீட்டர், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய கூகுள் ஃபார்ம்ஸ் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள் சில எல்லோரும் ஒரே நேரத்தில் விடையளிக்கும் போட்டியாக அமைந்தவை. வேறு சில, மாணவர் தமக்கு வசதியான நேரத்தில், தமக்குரிய வேகத்தில் விடையளிக்க விடுபவை. நாவல் கற்பித்தலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

கருவி புதிதாயினும் அதன் வேர்கள் பழையவை. கொள்குறி வினாவை முதன்முதலில் வடிவமைத்தவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படும் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிரெடரிக் கெல்லி, 1915-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கன்சாஸ் மாநிலத்தில் அதைப் பயன்படுத்தியது வாசிப்புத் திறனை அளப்பதற்காகத்தான். ஒரே விடைத்தாளுக்கு ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு மதிப்பெண் போடுவதைத் தவிர்க்கவேண்டும், திருத்தும் நேரத்தைக் குறைக்கவேண்டும் என்பவையே அவர் நோக்கங்கள். வாசிப்பை ஆழப்படுத்துவது அவற்றில் இல்லை. இன்றுவரை இவ்வகை வினாவின் பலமும் பலவீனமும் இந்தப் பிறப்பிலிருந்தே வருகின்றன எனலாம். பின்னர் 1920-களில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியலாளர் விசையை அழுத்தி விடையளிக்கும் பொறியொன்றைச் செய்தார். 1950-களில் பி. எஃப். ஸ்கின்னர் கற்பிக்கும் எந்திரங்களை முன்வைத்தார். விடையளித்தவுடன் அது சரியா தவறா என்று மாணவருக்குத் தெரிவிக்கும் உடனடிப் பின்னூட்டமே இவர்கள் இருவரும் வலியுறுத்திய கொள்கை.

நாவல் வகுப்புக்கு இவர்களைவிட நெருக்கமானவர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். தம் மாணவர்கள் சூத்திரங்களைப் போட்டுக் கணக்குகளைத் தீர்த்தாலும் அடிப்படைக் கருத்துகளைப் புரிந்துகொள்ளவில்லை என்று கண்ட அவர், 1990-களின் தொடக்கத்தில் விரிவுரையை இடையிடையே நிறுத்தி ஒரு கருத்து வினாவைக் கேட்டு வாக்கெடுக்கும் முறையைக் கையாளத் தொடங்கினார். ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் முதல் 70 விழுக்காட்டினர் வரை சரியாகச் சொல்லியிருந்தால், விடையை வெளியிடாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு அவரை இணங்கவைக்கும்படி மாணவர்களைத் தூண்டுவார். பிறகு இரண்டாம் முறை வாக்கெடுப்பார். எல்லோரும் சரியாகச் சொல்லிவிடும் வினாவால் பயனில்லை, வகுப்பு இரண்டாகப் பிரியும் வினாவே கற்பிக்கிறது என்பது இம்முறையின் சாரம். இயற்பியலில் இறுதியில் ஒரு விடை சரியாகவே இருக்கும். இலக்கியத்தில் அவ்வாறு இராது என்பதால், சக மாணவர் வழிக் கற்றல் எனப்படும் இம்முறை இலக்கியத்துக்கு இன்னும் அதிகமாகவே பொருந்துகிறது.

வினாடி வினா நினைவை வலுப்படுத்துகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகளும் உண்டு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைநடைப் பகுதியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. மற்றொரு குழு ஒரு முறை படித்துவிட்டுப் பிறகு நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ அவர்கள் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். சோதனை விளைவு எனப்படும் இந்த உண்மை, முந்நூறு பக்க நாவலை மூன்று வாரங்களில் வாசிக்கும் வகுப்புக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது: முதல் அத்தியாயத்தில் போகிறபோக்கில் வந்த பெயரை எட்டாம் அத்தியாயத்தில் மறந்துவிட்டவருக்கு நாவலின் கட்டமைப்பு புலப்பட வழியில்லை. ஆயினும் நினைவு என்பது நாவல் வாசிப்பின் முன்நிபந்தனை மட்டுமே. அதற்கு அப்பால் வினாடி வினா எதுவரை போக முடியும் என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பார்ப்பதே தெளிவு தரும்.

1974-இல் சென்னையில் பிறந்து மங்களூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்த அரவிந்த் அடிகாவின் ‘தி ஒயிட் டைகர்’, 2008-இல் வெளிவந்து அவ்வாண்டின் புக்கர் பரிசைப் பெற்ற ஆங்கில நாவல். இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டங்களில் இடம்பெற்று வருவது. பீகாரை நினைவூட்டும், நாவல் ‘இருள்’ என்று அழைக்கும் நிலப்பகுதியில் ரிக்‌ஷாக்காரரின் மகனாகப் பிறந்த பல்ராம் ஹல்வாய், பண்ணையார் வீட்டில் கார் ஓட்டுநராகச் சேர்ந்து, அவர் மகன் அசோக்குடன் டெல்லிக்குச் சென்று, கடைசியில் அசோக்கைக் கொன்று, கையூட்டுக்காக எடுத்துச் செல்லப்பட்ட ஏழு லட்சம் ரூபாயோடு பெங்களூருக்குத் தப்பி, வாடகைக் கார் நிறுவனத்தின் முதலாளியாகிறான். இவ்வளவையும், பெங்களூருக்கு வரவிருக்கும் சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவுக்கு எழுதும் மடல்களாகப் பல்ராமே சொல்கிறான். வென் ஜியாபாவோ 2005 ஏப்ரலில் உண்மையிலேயே பெங்களூருக்கு வந்து சென்றவர். நடந்த நிகழ்ச்சியைப் பற்றிக்கொண்டு நடவாத மடலை எழுதும் இந்தக் குறும்பிலேயே நாவலின் அங்கதம் தொடங்கிவிடுகிறது.

இந்நாவலுக்கான ஆயத்த வினாத் தொகுப்புகளை மேற்கூறிய தளங்களில் தேடினால் எளிதில் கிடைக்கின்றன. பல்ராமின் ஊர் எது, பாட்டியின் பெயர் என்ன, கொலைக்கு எந்த மதுவின் பாட்டில் பயன்பட்டது என்ற போக்கிலேயே அவற்றிற் பெரும்பாலானவை அமைந்திருக்கும். இத்தகைய வினாக்களை முற்றிலும் இகழ வேண்டியதில்லை; வாசித்தாரா இல்லையா என்பதை இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் அவற்றிலும் தரம் உண்டு. நாவலின் பகுதிகள் முதல் இரவு, இரண்டாம் இரவு, நான்காம் காலை, நான்காம் இரவு என்று தொடங்கி ஏழாம் இரவில் முடிகின்றன. மூன்றாம் இரவு என்ற பகுதியே இல்லை. ‘பின்வருவனவற்றுள் நாவலில் இடம்பெறாத இரவு எது?’ என்று கேட்டால், அது வெறும் தகவல் வினாவாகவே தோன்றினாலும், விடை வெளியானவுடன் வகுப்பில் எழும் அடுத்த கேள்வி ‘ஏன்?’ என்பதாகத்தான் இருக்கும். எழுதுபவன் ஓரிரவு எழுதாமல் விட்டிருக்கிறான். அப்படியானால் அவன் சொல்லாமல் விட்டவை வேறு என்னென்ன என்ற ஐயத்துக்கு அந்தச் சிறு வினா கதவைத் திறந்துவிடுகிறது. தகவல் வினாவுக்கு இதுவே உரைகல்: விடை தெரிந்த பிறகும் பேச ஏதேனும் மிஞ்சவேண்டும்.

வரிசைப்படுத்தும் வினா இதைவிடவும் வளமானது. நிகழ்ச்சிகள் எழுதப்பட்ட அட்டைகளை இழுத்து மேலும் கீழும் நகர்த்தி அடுக்கச் சொல்லும் வசதி பல தளங்களில் உண்டு. கதை நிகழ்ந்த வரிசைக்கும் அது சொல்லப்பட்ட வரிசைக்கும் உள்ள வேறுபாடு கதையியலின், அதாவது கதை சொல்லப்படும் முறைகளை ஆராயும் துறையின், முதற்பாடம். விரிவுரையில் அரைமணி நேரம் விளக்கினாலும் மாணவர் மனத்தில் நில்லாத இந்த வேறுபாட்டை, ஒரே எட்டு நிகழ்ச்சிகளை இருமுறை அடுக்கச் சொல்வதன் மூலம் உணர்த்திவிடலாம்: முதல் முறை பல்ராமின் வாழ்க்கையில் அவை நடந்தபடி, இரண்டாம் முறை வாசகருக்கு அவை தெரியவந்தபடி. அசோக்கின் கொலை முதல் அடுக்கில் கடைசிக்கு அருகில் நிற்கிறது. இரண்டாவதில் தொடக்கத்துக்கே ஏறிவிடுகிறது. முதல் இரவிலேயே கொலையை ஒப்புக்கொண்டுவிடுகிற கதைசொல்லி, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்ற ஆவலை வேண்டுமென்றே கைவிட்டு, ‘இவன் எப்படி இங்கே வந்து சேர்ந்தான்?’ என்ற ஆவலை வாசகரிடம் எழுப்புகிறான் என்பதை இரண்டு அடுக்குகளையும் அருகருகே பார்க்கும் மாணவர் தாமே கண்டுகொள்வார்.

பொருத்துக என்ற பழைய பள்ளிக்கூட வினாவும் இந்நாவலுக்குப் புது உயிர் பெறுகிறது. பெற்றோருக்குப் பெயர் வைக்கவும் நேரமில்லாததால் சிறுவன் என்று பொருள்படும் ‘முன்னா’ என்றே அழைக்கப்பட்டவனுக்கு, பல்ராம் என்ற பெயரைப் பள்ளி ஆசிரியர் இடுகிறார்; ‘வெள்ளைப் புலி’ என்ற பட்டத்தைப் பள்ளி ஆய்வாளர் தருகிறார்; டெல்லியில் சக ஓட்டுநர்கள் அவனை நாட்டுப்புறத்து எலி என்று கேலி செய்கிறார்கள்; பெங்களூரில் அவன் தானே சூட்டிக்கொள்ளும் பெயரில் கொல்லப்பட்ட எசமானின் பெயரே ஒளிந்திருக்கிறது. பெயர்களையும் அவற்றைச் சூட்டியவர்களையும் பொருத்தச் சொன்னால், பள்ளி முதல் சந்தை வரை ஒரு மனிதனுக்கு யார் யார் அடையாளம் கொடுக்கிறார்கள் என்ற வரைபடம் கையில் கிடைத்துவிடும். அதன் கடைசிப் பெயருக்கு எதிரே வேறெவரும் இல்லை, அவன்தான் இருக்கிறான் என்பது தனியே விளக்கவேண்டாத செய்தி.

ஆயினும் இந்நாவலைக் கற்பிப்பதன் மையச் சிக்கல் இவை எதிலும் இல்லை. கதைசொல்லியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் இருக்கிறது. தான் சொல்வதற்கும் நூல் உணர்த்துவதற்கும் இடையே இடைவெளி விட்டுச்செல்லும் இத்தகைய கதைசொல்லியை அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961-இல் ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்று பெயரிட்டு வரையறுத்தார். பல்ராம் நகைச்சுவையாகப் பேசுகிறான். அவன் பட்ட அவமானங்கள் உண்மையானவை. அசோக்கின் மனைவி பிங்கி குடிபோதையில் கார் ஓட்டி ஒரு குழந்தையை மோதியபோது, அந்தப் பழியைத் தான் ஏற்பதாக எழுதிய தாளில் அவனிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆகவே வாசகர் அவன் பக்கம் சாய்வது இயற்கை. ஆனால் தன் செயலுக்காகத் தன் குடும்பமே பழிவாங்கப்படும் என்று தெரிந்தே கொலை செய்தவன் அவன். மதத்தை மறைத்துப் பிழைத்துவந்த சக ஓட்டுநர் ராம் பெர்சாத்தின் ரகசியத்தை அறிந்து, அவரை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்தவனும் அவனே.

இங்கேதான் வாக்கெடுப்பு வினாவின் அருமை தெரிகிறது. ‘அசோக்கைக் கொன்றதற்குக் காரணமாக நாவல் முதன்மைப்படுத்துவது எது?’ என்று கேட்டு நான்கு விடைகளைத் தரலாம்: அடிமைத்தனத்திலிருந்து விடுபடும் வேட்கை, பொய்யான ஒப்புதலில் கையெழுத்திட வைத்த அநீதி, பணத்தின் மீதான ஆசை, தன்னை நீக்கிவிட்டு வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்வார்கள் என்ற அச்சம். நான்குக்கும் நூலில் ஆதாரம் உண்டு. முதல் வாக்கெடுப்பு முடிந்ததும் ஆசிரியர் விடை எதையும் சரி என்று அறிவிக்காமல், ஒவ்வொரு தரப்பினரும் தத்தம் தேர்வுக்கான பக்க எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பவேண்டும் என்று கேட்டால், வகுப்பு முழுவதும் நூலைப் புரட்டத் தொடங்கும். விடுதலை என்று வாக்களித்தவர், அந்தச் சொல்லைப் பயன்படுத்துபவன் பல்ராம் மட்டுமே என்பதையும், பணம் என்று வாக்களித்தவர், அதைப் பல்ராம் நேரடியாக ஒப்புக்கொள்ளும் இடங்கள் எவ்வளவு என்பதையும் தேடிப் பார்க்க நேரும். பிறகு நடத்தும் இரண்டாம் வாக்கெடுப்பில் எண்கள் மாறலாம், மாறாமலும் போகலாம். இரு வாக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட அந்தப் பத்து நிமிடமே பாடம். மரபான வகுப்பில் இதே விவாதம் நடக்கும்போது பேசக்கூடிய நான்கைந்து மாணவர்களின் குரல் மட்டுமே கேட்கும். வாயே திறக்காத மாணவியின் வாக்கும் திரையில் ஒரு பங்காகத் தெரிவது இந்தக் கருவியின் தனிச்சிறப்பு. இம்முறையை, நூலை நடுவே வைத்து நடத்தும் பட்டிமன்றத்துக்கு ஒப்பிடலாம், நடுவர் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடும் பட்டிமன்றம் என்ற ஒரு திருத்தத்தோடு.

ஹல்வாய் என்பது இனிப்புச் செய்யும் சாதியின் பெயர் என்பதும், வேலைக்குச் சேரும்போதே பல்ராமிடம் சாதி விசாரிக்கப்படுகிறது என்பதும் அயல்நாட்டு வகுப்பில் குறிப்புரை தேவைப்படும் செய்திகள். இந்திய வகுப்பிலோ அவை குறிப்புரை தேவைப்படாத, அதனாலேயே கூடுதல் கவனம் தேவைப்படும் செய்திகள். சாதி, மதம், வீட்டுப் பணியாளரை நடத்தும் முறை ஆகியவற்றைத் தொடும் வினாக்களில் மாணவரின் பெயர் திரையில் தோன்றாதபடி அமைப்பது கட்டாயம். மாணவர் தம் குடும்பத்தைப் பற்றியோ பின்புலத்தைப் பற்றியோ வெளிப்படுத்த நேரும் எந்த வினாவையும், அது எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், வைக்கக்கூடாது. வினா நாவலைப் பற்றியதாகவே இருக்கவேண்டும்.

வினா எழுதுவதில் கடினமான பகுதி சரியான விடையை எழுதுவது அன்று. தவறான மூன்று விடைகளை எழுதுவதே. அவை மேலோட்டமாக வாசித்தவர் உண்மையென்று கருதக்கூடியனவாக, அதே வேளையில் நூலைக் காட்டி மறுக்கக்கூடியனவாக அமையவேண்டும். ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, கொள்குறித் தேர்வில் தவறான விடையைத் தேர்ந்தெடுத்த மாணவர்கள் அத்தவற்றையே உண்மையாகக் கற்றுக்கொண்டு பின்னரும் எழுதும் ஆபத்து இருப்பதைக் காட்டியது. உடனுக்குடன் பின்னூட்டம் தந்தால் இந்த ஆபத்து குறைகிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. எனவே ‘தவறு’ என்று சிவப்பில் காட்டிவிட்டு நகரும் வினாத்தாள் நாவல் வகுப்புக்குத் தீங்கே செய்யும். ஏன் தவறு, எந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டும் என்று ஓரிரு வாக்கியமாவது ஒவ்வொரு விடைக்கும் எழுதிவைப்பது ஆசிரியரின் கடமை. இந்த உழைப்பை மிச்சப்படுத்துவதற்காகச் செயற்கை நுண்ணறிவிடம் வினா எழுதி வாங்கும் வழக்கம் பரவிவருகிறது. அது தரும் வினாக்கள் மொழியளவில் பிழையற்றவையாக இருந்தாலும், நாவலில் உள்ளதையும் ரமின் பஹ்ரானி இயக்கத்தில் 2021-இல் வெளிவந்த திரைப்படத்தில் உள்ளதையும் குழப்பிவிடக் கூடும். திரைப்படம் பிங்கி கார் ஓட்டும் அந்தப் பயணத்தோடு தொடங்குகிறது, நாவலில் விபத்து நடுப்பகுதியில்தான் வருகிறது என்பது போன்ற வேறுபாடுகளை ஆசிரியர் அறிந்திருந்தால், படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவரை அடையாளம் காணும் நல்ல வினாக்களாகவே அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

வேகத்துக்குப் புள்ளி தரும் ஏற்பாட்டைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்லவேண்டும்: நாவல் வகுப்பில் அது வேண்டாம். விரைந்து விடையளிப்பவருக்குக் கூடுதல் புள்ளி, திரையில் ஓடும் கடிகாரம், பரபரப்பான இசை, ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் முன்னணியில் இருப்பவர் பட்டியல் ஆகியவை கணித வாய்பாட்டுக்கோ சொற்பொருளுக்கோ பொருந்தலாம். ஓர் அங்கத வாக்கியத்தின் இரட்டைப் பொருளை இருபது நொடியில் பிடிக்கச் சொல்வது, அங்கதத்தைப் புரிந்துகொள்ளாமல் இருக்கப் பழக்குவதாகும். தளங்கள் பெரும்பாலானவற்றில் நேர வரம்பை நீட்டவும், வேகப் புள்ளியை நீக்கவும், பட்டியலை மறைக்கவும் அமைப்புகள் உள்ளன. போட்டியின் கலகலப்பு வேண்டுமென்றால் அதை முதல் ஐந்து தகவல் வினாக்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்திய வகுப்பறையின் நடைமுறைத் தடைகள் வேறு. எல்லோரிடமும் திறன்பேசி இருக்கும் என்றோ, கல்லூரி வளாகத்தில் அதற்கு அனுமதி இருக்கும் என்றோ எண்ணிவிட முடியாது. இதற்கு ‘பிளிக்கர்ஸ்’ என்ற முறை எளிய மாற்று: மாணவர் ஒவ்வொருவரும் கட்டம் அச்சிட்ட காகித அட்டை ஒன்றை வைத்திருப்பர், அட்டையை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுவே அவர்கள் விடை, ஆசிரியர் தம் ஒரே கைப்பேசியின் படக்கருவியால் வகுப்பை ஒருமுறை வலம்வந்து எல்லா விடைகளையும் படித்துவிடுவார். தமிழில் வினா அமைப்போர் வேறொரு தடையைச் சந்திக்கின்றனர். சில தளங்களில் வினாவுக்கும் விடைக்கும் எழுத்து வரம்பு உண்டு. ஒருங்குறியில் ‘கொ’ போன்ற ஓர் உயிர்மெய் இரண்டு குறிகளாக எண்ணப்படுவதால் தமிழ் வாக்கியம் ஆங்கில வாக்கியத்தைவிட விரைவாக அவ்வரம்பை எட்டிவிடும். தட்டச்சு செய்யும் விடைகளில் ‘பல்ராம்’, ‘பலராம்’ என்ற இரு வடிவங்களையும் முன்கூட்டியே சரியென்று பதிந்துவைக்காவிட்டால் எந்திரம் ஒன்றைத் தவறென்று தள்ளிவிடும். பள்ளி மாணவர்களாயின், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுவதால், மின்னஞ்சல் முகவரி கேட்காமல் புனைபெயரில் நுழையவிடும் வசதியையே தேர்ந்தெடுப்பது நல்லது.

எல்லா நாவல்களும் இதற்கு ஒரே அளவில் இடம் கொடுப்பதில்லை. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் 2013-இல் எழுதி, ஸ்ரீநாத் பேரூரின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்த ‘காச்சர் கோச்சர்’ என்ற குறுநாவல், மசாலாப் பொடி வியாபாரத்தில் திடீர்ச் செல்வம் பெற்ற பெங்களூர்க் குடும்பம் ஒன்றைப் பற்றியது. அங்கும் கதைசொல்லி நம்பத்தகாதவனே. ஆனால் பல்ராம் ஓயாமல் பேசி மறைப்பதை அவன் பேசாமல் மறைக்கிறான். அவன் மனைவி அனிதாவுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாவல் வெளிப்படையாகச் சொல்லாமலே முடிகிறது. ‘அனிதாவுக்கு என்ன ஆயிற்று?’ என்று நான்கு விடைகளோடு கேட்கும் வினா, எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும், அந்த மௌனத்தை உடைத்துவிடும். வாசகர் தாமே அடையவேண்டிய அச்சத்தை ஒரு விடையாக அச்சிட்டுக் கொடுத்துவிடும். அத்தகைய நாவலில் கடைசிப் பகுதிக்கு முன்பே வினாடி வினாவை முடித்துக்கொண்டு, முடிவைப் பற்றி ஒவ்வொருவரையும் தாளில் ஒரு பத்தி எழுதச் சொல்வதே முறை.

பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வகுத்து, பின்னர் 2001-இல் திருத்தப்பட்ட கற்றல் நோக்கங்களின் அடுக்கில் நினைவுகூர்தல் அடித்தளத்திலும், பகுத்தாய்தலும் மதிப்பிடுதலும் மேலேயும் வைக்கப்பட்டுள்ளன. வினாடி வினா அடித்தளத்துக்கே உரியது என்ற பொதுக் கருத்து பாதி உண்மை. நன்கு எழுதப்பட்ட வாக்கெடுப்பு வினா பகுத்தாய்தல் வரை மாணவரை ஏற்றிவிடுகிறது. மதிப்பிடுதலுக்கு அது வாயில்வரைதான் கொண்டுவிடும். உள்ளே நுழைய எழுத்தும் நீண்ட உரையாடலும் வேண்டும். எனவே நெடுவினாவுக்கு மாற்றாக இதைக் கருதுவது பிழை. வகுப்பின் இரு வாக்கெடுப்புகளின் முடிவுகளை எடுத்துக்கொண்டு, சிறுபான்மையாக நின்ற விடையை நூலாதாரத்தோடு நிறுவி இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னால், வழிகாட்டி நூலில் விடை கிடைக்காத நெடுவினா ஒன்று அங்கேயே பிறந்துவிடும்.

இந்த முறையைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் ஆயத்த வினாத் தொகுப்புகளை ஒதுக்கிவைத்து, பாடமாக உள்ள நாவலை எழுதுகோலுடன் ஒருமுறை முழுமையாக மறுபடி வாசித்து, முதற்பருவத்தில் ஒரே ஒரு வாக்கெடுப்பு வினாவை மட்டும் எழுதிப் பார்க்கட்டும். ஒரு நாவலுக்குப் பத்துப் பன்னிரண்டு வினாக்களுக்கு மேல் தேவைப்படாது; அவற்றில் மூன்று வகுப்பைப் பிரித்தால் அதுவே போதுமானது.